தேர்வுக்குப் பின்



ஆங்கிலத் தேர்வு முடிந்து மணி அடித்தவுடன், பள்ளி வாயிலில் மற்றொரு தேர்வு தொடங்குகிறது. அதற்கு மேற்பார்வையாளர் இல்லை. நேர வரையறையும் இல்லை. "பதினோராம் வினாவுக்கு நீ என்ன எழுதினாய்?" என்று ஒருவன் கேட்கிறான். அவ்வளவுதான், பத்துப் பேர் வினாத்தாளை விரித்துக்கொண்டு கூடிவிடுகிறார்கள். திருச்செங்கோட்டில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நான், மலையடிவாரத்துத் தெருக்களில் இக்காட்சியை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். இவ்வாறு விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நன்றா, தீதா? இதனைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தீது என்பாரும் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் விசைத்தறிக் கூடங்களில் உழைப்போரும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வெளி மாநிலங்களுக்குச் செல்வோரும் மிகுதி. அவர்களுடைய பிள்ளைகள் பலருக்கு, வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. மாநிலம் முழுமைக்கும் ஒரே வினாத்தாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100க்கு 35 பெற்றால்தான் தேர்ச்சி. எல்லைக் கோட்டில் நிற்கும் ஒரு பிள்ளையிடம், "நீ எழுதியது தவறு" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னால், அன்றிரவு அப்பிள்ளைக்கு உறக்கம் வருமா? அடுத்த நாள் தாளும் அன்றோ கெடும்? ஆங்கிலத் தேர்வு பெரியோரையும் தடுத்து நிறுத்தியதுண்டு. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை இராமானுஜன், 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியிருந்தமையால் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாமல் உதவித்தொகையை இழந்தார். ஆதலின் மாணவரின் அச்சத்தை வீண் அச்சம் என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

ஆயினும், குற்றம் ஒப்பிடுதலில் இல்லை. ஒப்பிடும் முறையில்தான் இருக்கிறது. வாயிலில் நிகழ்வது பெரும்பாலும் வாக்கெடுப்பு. ஏழு பேர் 'அ' என்றும், மூவர் 'ஆ' என்றும் சொன்னால், 'அ'வே விடையாகிவிடுகிறது. அல்லது, உரத்த குரலில் சொல்பவன் சொன்னதே விடையாகிறது. இலக்கணம் வாக்கெடுப்புக்குக் கட்டுப்படுமோ? "என்ன எழுதினாய்?" என்பதோடு நில்லாமல், "ஏன் அப்படி எழுதினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் கல்வி தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 'ஸின்ஸ்' வருமா, 'ஃபார்' வருமா என்பது எல்லாத் தேர்விலும் தலைகாட்டும் வினா. பலர் இதனை மனப்பாட விதியாகக் கொண்டு தடுமாறுகிறார்கள். "காலை முதல் மழை பெய்கிறது" என்கிறோம். "மூன்று மணி நேரமாக மழை பெய்கிறது" என்றும் சொல்கிறோம். 'முதல்' என்பது தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது. 'ஆக' என்பது நீண்ட அளவைக் காட்டுகிறது. முன்னதற்கு 'ஸின்ஸ்', பின்னதற்கு 'ஃபார்'. வேறுபாடு ஒன்றே ஒன்று: தமிழில் 'பெய்கிறது' என்ற நிகழ்காலமே போதும், ஆங்கிலம் 'ஹேஸ் பீன் ரெயினிங்' என்று, தொடங்கி இன்னும் தொடர்வதையும் வினைச்சொல்லிலேயே காட்டச் சொல்லும்.

மற்றொன்று: 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பதற்குப் பின் 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா? "மாணவர்களுள் ஒருவன் வந்தார்கள்" என்று தமிழில் யாரேனும் எழுதுவரோ? எழுதமாட்டார். ஏனெனில், நம் மொழியில் 'ஒருவன்' என்ற எழுவாய் வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்திலோ 'பாய்ஸ்' என்ற பன்மை வினைக்கு அருகில் வந்து நின்று கண்ணை ஏமாற்றுகிறது. எழுவாய் 'ஒன்' என்பதைக் கண்டுகொண்டால், 'இஸ்' என்பது தானே விளங்கும். தமிழ் இலக்கணம் ஆங்கிலத்துக்குத் தடை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

காரணம் கேட்கும் வழக்கம் பொது நிறுவனங்களிலும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கொள்குறி வகைத் தேர்வுகளை நடத்திய பின், உத்தேச விடைகளை வெளியிடுகிறது. மறுப்பு உடையோர் சான்றுடன் தெரிவிக்கலாம் என்கிறது. வெறும் மறுப்புக்கு அங்கே மதிப்பில்லை, சான்றுக்கே மதிப்பு.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், கற்றல் நிறைவுறும் வகையை ஒரு கணக்காகவே தருகிறது. ஆசிரியரிடம் பாடத்தைச் செவ்வையாகக் கேட்டாலும், புலமையில் கால் பங்கே கிட்டும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கு, பிறர்க்கு எடுத்துரைப்பதனால் நிரம்பும். நண்பர்களே, உங்கள் வாயிற்கூட்டம் அந்த இரண்டாம் கால் பங்கு. அதனை மதிப்பெண் எண்ணுவதிலேயே செலவிட்டுவிடலாமா?

ஆகவே மூன்று யோசனைகள் சொல்வேன். தேர்வுகள் தொடரும் நாட்களில் வினாத்தாளை மடித்து வையுங்கள். கடைசித் தாள் முடிந்தபின் விரியுங்கள். விரித்த பின், விடையோடு காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் தெரியாவிடில் இலக்கண நூலையோ ஆசிரியரையோ நாடுங்கள். மூன்றாவதே முதன்மையானது. கூட்டத்தின் ஓரத்தில், தன் தாளைக் காட்டக் கூசி ஒரு மாணவனோ மாணவியோ நிற்பதுண்டு. வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாத அப்பிள்ளைக்கு நீங்களே ஆசிரியர். "தவறு" என்று சொல்லி நகராமல், ஏன் தவறு என்பதைப் பொறுமையாக எடுத்துரையுங்கள். அதனால் அப்பிள்ளைக்குக் கால் பங்கு. நன்னூலின் கணக்குப்படி, சொல்லித்தரும் உங்களுக்கோ அரைப் பங்கு.