எரிந்த கட்சி, எரியாத கட்சி: காமன் பண்டிகை



இளவேனில் விழா என்றதும் வடக்கே வண்ணப்பொடி தூவும் ஹோலிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதே பௌர்ணமியை ஒட்டித் தஞ்சை வட்டார ஊர்கள் எடுத்துவரும் காமன் பண்டிகையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கதை நீங்கள் அறிந்ததுதான். தாரகாசுரனை அழிக்கச் சிவனுக்கு ஒரு பிள்ளை வேண்டும். சிவனோ யோகத்தில் இருக்கிறார். தேவர்கள் ஏவ, மன்மதன் மலர்க்கணை தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது; மன்மதன் எரிகிறான். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையில் இது நடந்ததாகச் சைவ மரபு சொல்லும். எட்டு வீரட்டத் தலங்களுள் அதுவும் ஒன்று. கோயிலில் இது சிவனின் வீரம். தெருவில் இதே கதை அவன் மனைவி ரதியின் துயரமாகிவிடுகிறது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் தெருமுனையில் காமனை நடுகிறார்கள். ஊருக்கு ஊர் முறை சற்று மாறும். பொதுவாகக் கரும்பும் ஆமணக்கும் நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி அடுக்குவார்கள். அன்று தொடங்கி இரவுதோறும் பாட்டு. வேடம் கட்டுகிறவர்கள் விரதம் இருப்பார்கள். ரதியாக வருபவரும் ஆண்தான். பௌர்ணமி இரவில் காமன் எரிந்ததும் அந்த ரதி தலைவிரி கோலமாய் அழும்போது, பார்த்து நிற்கும் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். அவர்கள் வீட்டுச் சாவில் பாடும் அதே ஒப்பாரி மெட்டுதான் அங்கேயும். நல்லது செய்யப் போனவனை ஏன் எரித்தாய் என்று ஒரு மனைவி கடவுளை நேருக்கு நேர் கேட்கிறாள். ஊரே அவள் பக்கம் நிற்கிறது.

இந்த விழாவின் உச்சம் லாவணி. 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் வழியே வந்த கலை இது. டேப்பு என்னும் தோற்கருவியை அடித்துக்கொண்டு இரு அணிகள் எதிரெதிரே உட்காரும். மன்மதன் எரிந்தே போனான் என்பது எரிந்த கட்சி. அதன் பின்னும் ரதியின் கண்ணுக்குத் தெரிகிறவன் எப்படி எரிந்தவனாவான் என்பது எரியாத கட்சி. புராணத்தையும் இலக்கியத்தையும் துணைக்கு அழைத்து, கேள்வியைப் பாட்டாகவே வீசிப் பதிலைப் பாட்டாகவே வாங்குவார்கள். விடிய விடிய நடக்கும். தீர்ப்புக்காக யாரும் காத்திருப்பதில்லை. அடுத்த ஆண்டும் அதே கேள்விதான். சாமியைப் பற்றிய ஒரு கேள்வியை நடுத்தெருவில் வைத்து வாதாடுவதையே வழிபாடாகச் செய்திருக்கிறார்கள் நம் மக்கள். இதைவிடப் பெரிய அறிவுச்செல்வம் ஒரு கிராமத்துக்கு வேறென்ன வேண்டும்?

காமவழிபாடு மராட்டியரோடு வந்ததன்று. ஆண்டாள் நாச்சியார் திருமொழியைத் தொடங்குவதே காமனை வேண்டித்தான். புகாரில் காமவேள் கோட்டம் இருந்ததைச் சிலம்பு சொல்கிறது; பிரிந்த கணவனைப் பெற அங்கே வழிபடுவோம் என்று தோழி தேவந்தி அழைக்க, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுத்துவிடுகிறாள். தொழுதவளும் மறுத்தவளும் நம் மரபுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இலங்கை மலையகத்துக்குத் தோட்ட வேலைக்குப் போன நம் மக்கள் இந்தக் கதையையும் கொண்டுபோனார்கள். அங்கே அது காமன் கூத்து. தப்பு முழங்க, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஊர்வலம் போக, தோட்டமே மேடையாகும். மண்ணையும் உறவையும் விட்டுப் போனவர்களுக்கு ரதியின் புலம்பல் அந்நியமாக இருந்திருக்காது.

இன்று லாவணி பாடுவோர் அருகிவருகிறார்கள். வாதத்துக்கு வேண்டிய புராண அறிவும் அந்த நொடியில் பாட்டுக் கட்டும் திறமும் ஏட்டில் எழுதி வைக்கக்கூடியவை அல்ல. எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி போட்டால்தான் வளரும். இன்று என்னைப் பேச அழைத்த அறக்கட்டளையாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த ஆண்டு என்னைப்போல் ஒருவரைப் பேச அழைக்க வேண்டாம். இரண்டு கட்சியையும் அழைத்து இந்த மேடையில் உட்கார வையுங்கள். விடியும்வரை மண்டபத்தைப் பூட்டாதீர்கள்.