தராசும் சிறு கணினியும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றுத் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். ஆகவே என் பேச்சில் பெரிய பெரிய வார்த்தைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஒரு தராசை ஒரு சிறு கணினியோடு எப்படிப் பேச வைத்தோம், அதில் எங்கே தவறினோம், அந்தத் தவற்றை யார் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து மரம் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். அங்கே நிறுத்து, எண்ணைச் சொல்லி, கிராணி புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஒருநாள் அம்மா, "ஐயா, நான் தூக்கிட்டு வந்த கனம் வேற, நீங்க எழுதியிருக்கிறது வேற மாதிரி இருக்கே" என்று கேட்டாராம். "புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்" என்று பதில் வந்ததாம். எந்தத் தோட்டம், யார் அந்தக் கிராணி என்பதெல்லாம் இப்போது தேவையில்லை. அந்தப் பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் கழகத்தில் பழைய காகிதமும் அலுமினிய டின்னும் சேர்க்கிறோம். விற்று வரும் பணத்தை எடைக்குத் தகுந்தபடி கொண்டு வந்த குடும்பத்துக்கே கொடுத்து விடுகிறோம். காகிதத்திற்கு ஒரு பெரிய தராசு, டின்னுக்கு ஒரு சிறிய தராசு. இரண்டும் மின் தராசுகள். பிள்ளைகள் எடையைக் கையால் எழுதியபோது எண்கள் மாறிப் போயின. "தராசே நேராகக் கணினிக்குச் சொல்லிவிட்டால் என்ன?" என்று யோசித்தோம். தராசின் பின்பக்கம் ஒன்பது ஊசி கொண்ட ஒரு முனை இருந்தது. அதற்கு ஆர்.எஸ். 232 என்று பெயர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்த முறை அது. இன்றும் தராசுகளிலும், லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளிலும், தொழிற்சாலை இயந்திரங்களிலும் அது உழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த முனை எப்படிப் பேசுகிறது? நிரை பிடித்து மரம் வெட்டுவது போலத்தான். ஒரு மரம் முடிந்து அடுத்த மரம் என்று போவது போல, ஒரே கம்பியில் ஒரு சைகைக்குப் பின் மறு சைகையாக வரிசையில் அனுப்புகிறது. இதனால்தான் இதை 'சீரியல்', அதாவது வரிசைத் தொடர்பு, என்கிறார்கள். இது நமக்கு ஒன்றும் புதிதன்று. 1870-ஆம் ஆண்டிலேயே சென்னைக்கும் இந்தப் பினாங்குத் தீவுக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். ஒரே கம்பி, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டல்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே கடலின் அடியில் செய்தி ஓடியது. வரிசைத் தொடர்பின் வேகத்தை இன்றும் 'பாட்' என்று சொல்வது, போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரால்தான்.

இந்தக் காலத்துக் கணினியில் ஒன்பது ஊசி முனை இருப்பதில்லை. தட்டையான வாய் கொண்ட யு.எஸ்.பி. சாக்கெட்தான் இருக்கிறது. 1996-இல் அதன் முதல் விதிமுறை வெளியானது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முன்னின்றவர் குஜராத்தில் பிறந்த அஜய் பட். அதே இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது எங்கே தெரியுமா? இதே தீவில், பாயான் லெப்பாஸில்! பினாங்கு ஆலைகளில் சில்லு தொட்ட கைகள் நம் வீடுகளிலும் இருக்கின்றன. அந்தச் சில்லு என்ன செய்கிறது என்று நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எங்கள் கணினியின் பெயர் ராஸ்பெர்ரி பை. 2012-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், பிள்ளைகள் படித்துப் பழகவென்றே குறைந்த விலையில் வெளியிட்டார்கள். ஒரே பலகை, வங்கி அட்டை அளவுதான். அதில் ஓடுவது லினக்ஸ். 1991-இல் பின்லாந்து மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த இந்த மென்பொருளைக் காசு கொடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம்.

தராசுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மாற்றி வயர் வேண்டும். ஒரு பக்கம் ஒன்பது ஊசி, மறுபக்கம் யு.எஸ்.பி. எங்களுக்கு ஒன்று முப்பது வெள்ளிக்குள் கிடைத்தது. மாணவர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. பலகையின் ஓரத்தில் வரிசையாகக் குத்திட்டு நிற்கும் கம்பிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. ஆர்.எஸ். 232 முனையிலிருந்து 15 வோல்ட் வரைகூட வரலாம். மாற்றி இல்லாமல் நேரே கொடுத்தால் பலகை கெட்டுவிடும்.

இனி நாங்கள் முட்டி மோதிய இடங்களைக் கேளுங்கள்.

முதல் தடை, வயர். செருகிப் பழக, வேறொரு சிறு கருவியை யு.எஸ்.பி. வயரில் மாட்டினோம். அதில் விளக்கு எரிந்தது, ஆனால் கணினிக்கு ஒன்றும் தெரியவில்லை. அரைநாள் போராடிய பிறகுதான் அது கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் உள்ள வயர் என்று புரிந்தது. மின்சாரம் போக இரண்டு கம்பி உண்டு. பேச்சுப் போகும் கம்பி இல்லை. வயரை மாற்றியதும் சரியாயிற்று.

இரண்டாவது, வேகம். தராசு விநாடிக்கு 9600 சைகை என்ற வேகத்தில் பேசியது. ஓர் எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 சைகை. ஆக விநாடிக்கு 960 எழுத்து. கணினியை வேறு வேகத்தில் கேட்கச் சொன்னால் எடைக்குப் பதிலாகக் கோணல்மாணல் குறிகள்தான் திரையில் வரும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்துக்கு ஒத்துக்கொண்டால்தான் பேச்சு விளங்கும்.

மூன்றாவது, அனுமதி. மாற்றியைச் செருகியதும் லினக்ஸ் அதன் தயாரிப்பாளர் எண்ணைப் பார்த்து இன்ன சில்லு என்று அறிந்து, அதற்கு ஒரு பெயர் வைக்கிறது: டி.டி.ஒய்.யு.எஸ்.பி. 0. டி.டி.ஒய். என்பது பழைய தந்தித் தட்டச்சு இயந்திரத்தின் சுருக்கப் பெயர். பெயர் வந்துவிட்டதே என்று திறக்கப் போனால், 'அனுமதி இல்லை' என்றது. 'டயல் அவுட்' என்ற குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். பெரட்டுப் புத்தகத்தில் இன்று பெயர் ஏறினாலும் நாளைப் பெரட்டில்தானே கூப்பிடுவார்கள், அது மாதிரி!

இவ்வளவும் முடிந்து, தராசில் வைத்த எடை தானாகத் திரையில் விழுந்தபோது பிள்ளைகள் கைதட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாவது தராசையும் மாட்டினோம். அதன் பெயர் டி.டி.ஒய்.யு.எஸ்.பி. 1. 'பூஜ்யத்தில் வருவது காகிதம், ஒன்றில் வருவது டின்' என்று எழுதி வைத்தோம். சில வாரம் நன்றாகவே ஓடிற்று.

ஒரு சனிக்கிழமை காலை கரண்டு போய்த் திரும்ப வந்தது. நிறுவை தொடர்ந்தது. கணக்குத் தாளை ஒட்டினோம். முன்பு மரம் வெட்டிய ஒரு பாட்டி வந்து தாளைப் பார்த்தார். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம், "வாத்தியாரே, நான் ரெண்டு கிலோ டின்னுல்ல கொண்டாந்தேன்? காகிதம்னு போட்டிருக்கே. காகிதத்துக்கு என்ன காசு வரும்?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாட்டி, தராசே நேரா எழுதினது. கணினி தப்புப் பண்ணாது."

சொன்ன மறுநிமிடம் எனக்குச் சுருக்கென்றது. 'புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான்.' என் அம்மாவுக்குக் கிடைத்த அதே பதிலை, அதே தொனியில் நான் சொல்லியிருக்கிறேன்! பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடினேன்.

காரணம் எளிதுதான். லினக்ஸ் வைக்கும் அந்த எண் தராசின் பெயரன்று. வரிசையில் யார் முதலில் கண்ணில் பட்டார்களோ அவர் பூஜ்யம், அடுத்தவர் ஒன்று. கரண்டு போய்க் கணினி மறுபடி எழுந்தபோது டின் தராசின் மாற்றி முதலில் பட்டுவிட்டது. பெயர்கள் இடம் மாறின. இரண்டும் ஒரே வேகத்தில் பேசியதால் எண்களும் ஒழுங்காகவே வந்தன. தப்பு நடந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. பாட்டியின் கைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இதற்கு மருந்து உண்டு. லினக்ஸ், கருவியின் சொந்த அடையாளத்தைக் கொண்டும் ஒரு நிலையான பெயரை வைத்திருக்கும். 'சீரியல்' என்ற அடைவுக்குள் 'பை ஐ.டி.' என்று இருக்கும். தனி வரிசை எண் பொறித்த சில்லாக இருந்தால் இதுவே போதும். எங்கள் மாற்றிகள் இரண்டும் ஒரே மாதிரி மலிவுச் சில்லு, தனி எண் கிடையாது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயரை வைத்தால் எப்படிக் கூப்பிடுவது? ஆகவே எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டு பெயர் வைக்கும் 'பை பாத்' முறையை எடுத்துக்கொண்டோம். இப்போது காகிதத் தராசுக்கு ஒரு சாக்கெட், டின் தராசுக்கு ஒரு சாக்கெட். எத்தனை முறை கரண்டு போனாலும் மாறாது.

"யாராவது வயரைக் கழற்றி மாற்றிச் செருகிட்டா, சார்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அவளே காகிதத்தில் பெயரெழுதிச் சோற்றுப் பசையால் சாக்கெட்டுக்கு மேலும் வயர் தலையிலும் ஒட்டிவிட்டாள். அத்தோடு இன்னொரு விதியும் செய்தோம். நிறுத்ததும் எடையும் பொருளும் கொண்டு வந்தவர் கண்ணெதிரே பெரிய எழுத்தில் தமிழில் திரையில் வரும். ஒரு பிள்ளை உரக்கப் படிக்கும். அவர் 'சரி' என்ற பிறகுதான் கணக்கில் ஏறும். பழைய தாள்களையும் எடுத்து, மாறிப்போனதைத் திருத்தினோம். பாட்டிக்கு வரவேண்டிய காசு வந்து சேர்ந்தது.

பெற்றோர்களே, இன்று கிளினிக்கிலும் கடையிலும் வேலையிடத்திலும் கணினிதான் கணக்கு வைக்கிறது. ஆனாலும் அதற்கு வயர் மாட்டியதும் பெயர் வைத்ததும் ஒரு மனிதன். தப்பு என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பிள்ளை பழைய கருவியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். மாணவர்களே, கருவியைப் பேச வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "அது சொன்னது சரியா?" என்று கேட்க வருகிறவருக்கு மரியாதையாக எழுந்து நின்று பதில் சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டி இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் கணக்கில் இந்த ஆண்டின் முதல் பரிசு அவருக்குத்தான்.