பொதுவழியைத் திறந்த பெருமகன்



எமரால்டிலிருந்து உதகைக்கு நாம் தடையின்றிச் செல்கிறோம். பொதுச்சாலையே மக்களில் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்ட காலமும் இருந்தது.

அம்மறுப்பை எதிர்த்தவர் இரட்டைமலை சீனிவாசன். இளமையில் நம் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தவர். இழிவெனப் பிறர் கருதிய பெயரையே சூட்டி, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். தாயகம் திரும்பி, சென்னை மாகாணச் சட்டசபையில் 1924இல் அவர் கொணர்ந்த தீர்மானம், பொதுச்சாலை, கிணறு, குளம், அலுவலகம் யாவும் அனைவருக்கும் உரியவை என நிலைநாட்டிற்று. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்து வாதாடினார்.

தீர்மானம் ஏட்டளவில் நின்றால் பயனில்லை. தேநீர்க் கடையிலும் குழாயடியிலும் எவரையும் வேறுபடுத்தாது நடப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.