ஊசியைக் கையில் எடுத்த டாக்டர் பாசு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஈப்போவுக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கோப்பெங். ஒரு காலத்தில் ஈயத்தால் கொழித்த ஊர். மருத்துவ வரலாற்றிலும் இந்தச் சிற்றூருக்கு ஓர் இடம் உண்டு. சீனாவிலிருந்து வந்த இயூ கோங் என்பவர் 1879-ஆம் ஆண்டில் இங்கேதான் ஒரு மருந்துக் கடையைத் திறந்தார். இன்று பலரும் அறிந்த இயூ யான் சாங் மருந்து நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கடைதான். 'யான் சாங்' என்றால் மனித குலத்தைப் பேணுதல் என்று பொருள் சொல்கிறார்கள்.

ஈயச் சுரங்கத்தில் தண்ணீரிலும் சேற்றிலும் நின்று உழைத்த சீனத் தொழிலாளர்கள், உடல் வலியை மறக்க அபினை நாடினார்கள். வலி மரத்துப் போனது. ஆனால் அபின் ஆளையே விழுங்கியது. அவர்களுக்கு அபினுக்குப் பதிலாக மூலிகையைக் கொடுக்க இயூ கோங் நினைத்தார் என்று அந்த நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது.

ஈயத்தை அடுத்து இந்த வட்டாரத்துக்குப் பால்மரம் வந்தது. நம்மவர்கள் விடியுமுன் எழுந்து, குனிந்து நிமிர்ந்து மரம் சீவி, வாளிகளைத் தோளில் சுமந்தார்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. முட்டி வலியும் இடுப்பு வலியும் மட்டும் அந்தத் தலைமுறையை விட்டுப் போகவில்லை. உழைத்து ஓய்ந்த உடம்பின் வலிக்கு யார் பதில் சொல்வது?

அந்த வலியோடு சீன மருந்துக் கடைக்குப் போய், ஊசி குத்திக்கொண்டு வந்த நம்மவர்கள் உண்டு. மலேசியத் தமிழருக்கு அக்குபஞ்சர் பக்கத்துக் கடைத்தெருவிலேயே இருந்தது. இந்தியாவுக்கோ அதைத் தேடிப் போய்க் கொண்டுவர ஒரு மருத்துவர் தேவைப்பட்டார். கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பிஜய் குமார் பாசுதான் அவர். அவர் நடந்து வந்த பாதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1938-ஆம் ஆண்டு. ஜப்பான் படை சீனாவுக்குள் புகுந்திருந்த நேரம். சுபாஷ் சந்திர போஸ் அப்போது இந்தியக் காங்கிரசின் தலைவர். சீன மக்களுக்கு உதவ ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழுவைக் காங்கிரஸ் அனுப்பியது. அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகிய ஐவரும் அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறினார்கள். சீனாவில் அவர்களுக்குப் புதுப் பெயர் சூட்டினார்கள். ஐவர் பெயரும் 'ஹுவா' என்று முடியும். ஹுவா என்றால் சீனம். பாசு, 'பா சூ ஹுவா' ஆனார்.

1939-இல் குழு யெனான் போய்ச் சேர்ந்தது. பின்னர் மூவர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கோட்னிசும் பாசுவும் தங்கிவிட்டார்கள். ஷோலாப்பூரில் பிறந்த கோட்னிஸ் சீனத் தாதி ஒருவரை மணந்து, போர்முனை மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று, 1942 டிசம்பரில் 32-ஆம் வயதில் அங்கேயே கண் மூடினார். மறு ஆண்டில் பாசு தனியாகத் தாயகம் திரும்பினார். ஒன்றாகக் கப்பலேறிய நண்பரை அந்நிய மண்ணில் விட்டுவிட்டு வருவது எத்தகைய துயரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவும் சீனாவும் விடுதலை பெற்ற பிறகு, 1950-களின் இறுதியில் பாசு மீண்டும் சீனா போனார். இம்முறை கற்றுக்கொடுக்க அல்ல, கற்றுக்கொள்ள. கத்தி பிடித்த கை, மயிரிழை போன்ற ஊசியைப் பிடிக்கப் பழகியது. 1959-இல் கல்கத்தாவில் அவர் அக்குபஞ்சர் சிகிச்சையைத் தொடங்கினார். இந்திய அக்குபஞ்சரின் தந்தை என்று இன்றும் அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆங்கில மருத்துவம் படித்த ஒருவருக்கு இது எளிதான முடிவா? உடலில் 'ச்சீ' என்னும் உயிராற்றல் 12 முதன்மைப் பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்பட்டால் வலி வருகிறது என்பது சீனரின் பழைய கோட்பாடு. அந்தப் பாதைகளில் 361 புள்ளிகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறிப்பிடுகிறது. வர்மப் புள்ளிகளை அறிந்த தமிழருக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உடற்கூறு படித்தவர் கத்தியால் அறுத்துப் பார்த்தால் அப்படியொரு பாதை கண்ணில் படாது. சக மருத்துவர்களின் கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

போதாக்குறைக்கு 1962-இல் எல்லைப் போர் மூண்டது. சீனா என்ற சொல்லையே இந்தியாவில் சந்தேகத்தோடு பார்த்த காலம். அந்த நாட்டில் கற்ற மருத்துவத்தை அப்போது கைவிட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பாசு கைவிடவில்லை.

மருத்துவத்துக்கு வெளியே அவருடைய வாழ்க்கை என்ன? அதுவும் நண்பருக்கே சொந்தமானது. கோட்னிஸ் நினைவுக் குழுவை அவர் முன்னின்று நடத்தினார். இரு நாட்டு மக்களின் நட்புக்காக உழைத்தார். அந்தக் குழுவின் வழியாக ஏழை எளியோருக்கு அக்குபஞ்சர் சிகிச்சை கிடைத்தது. யெனான் நாள்களை அவர் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அது பின்னர் நூலாகவும் வந்தது. 1986-இல் அவர் காலமானார். மேற்கு வங்காளம் 1996-இல் அக்குபஞ்சருக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. இந்திய நடுவண் அரசு 2019-இல் அதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை.

நேயர்களே, பாசு ஊசியைக் கையில் எடுத்தபோது ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கி எறியவில்லை. அவர் மருத்துவராக இருந்துகொண்டே அக்குபஞ்சர் செய்தார். நமக்கான பாடம் இதுதான். இன்று சிலர் ஊசியைக் காட்டி, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள். இனிப்பு நீர் நோயாளி இன்சுலினை நிறுத்துகிறார். இரத்த அழுத்தக்காரர் மாத்திரையை நிறுத்துகிறார். விளைவைக் குடும்பம் சுமக்கிறது.

அக்குபஞ்சர் எதைச் செய்யும், எதைச் செய்யாது? ஜெர்மனியில் நெடுநாள் இடுப்பு வலி உள்ள 1,162 பேரிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினர் நல்ல பலன் கண்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 27.4 விழுக்காடுதான். ஆனால் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது! ஆக, ஊசியால் வலி குறைகிறது. ஆனால் பழைய கோட்பாடு சொல்லும் காரணத்தால்தானா என்பது கேள்வி. உடம்பே சுரக்கும் எண்டோர்பின் என்னும் வலிநிவாரணி ஒரு காரணம் என்பார்கள். நம்பிக்கையும், நோயாளியின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பதும்கூட மருந்துதான். இனிப்பு நீருக்கும் புற்றுநோய்க்கும் ஊசி மட்டும் தீர்வாகாது.

மலேசியாவில் 2007 முதல் சில அரசாங்க மருத்துவமனைகளில் நெடுநாள் வலிக்கும், பக்கவாதத்துக்குப் பிந்திய சிகிச்சைக்கும் அக்குபஞ்சர் சேர்க்கப்பட்டது. மருத்துவமனையின் மற்றச் சிகிச்சைக்குத் துணையாகத்தான் அது நடக்கிறது. 2016-ஆம் ஆண்டில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டமும் வந்தது. பதிவு பெற்றவரே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆகவே அப்பாவையோ அம்மாவையோ ஊசிச் சிகிச்சைக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நீங்கள் பதிவு பெற்றவரா? ஒவ்வொரு முறையும் புது ஊசியா? ஆஸ்பத்திரி மருந்தைத் தொடரலாமா? மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், இனிப்பு நீரால் கால் மரத்துப் போனவர், கர்ப்பிணிப் பெண் ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டால் மருத்துவர் கோபிப்பாரோ என்று அஞ்ச வேண்டாம். டாக்டர் பாசு போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் கேள்விகளுக்கு நடுவில்தான் மருத்துவம் பார்த்தார்கள். நல்ல மருத்துவர் யாரும் கேள்விக்குக் கோபித்துக்கொள்வதில்லை.