ஒரு ரசிகனின் விருப்பப் பட்டியல்



உங்களுக்குப் பிடித்த பாடல் எது, படம் எது என்று ஒரு ரசிகனைக் கேட்டால் உடனே பட்டியலை நீட்டிவிடுவான். ஏன் பிடித்தது என்று கேட்டால்தான் சற்றுத் தடுமாறுவான். மலையகத்து ரசிகன் என்ற வகையில் அந்த இரண்டாவது கேள்விக்கு இன்று பதில் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் தோட்டங்களுக்குத் திரையிசையைக் கொண்டுவந்து சேர்த்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ போய்ப் படம் பார்க்கக் கையில் காசு வேண்டும், ஓய்வுநாளும் வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவில் வானொலி பாடினால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் எங்களுக்கு உறவினர் குரல்கள் போல. அதே ஒலிபரப்பைத் தமிழ்நாடும் ஆவலோடு கேட்டது.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவ்வாறு போனவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். இங்கே அண்ணன், அங்கே தங்கை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்க முடிந்தது என்றால் அது இலங்கை வானொலியின் புண்ணியம். எனவே சுசீலாவின் குரல் எனக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லும்போது குரலின் இனிமையை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குரலோடு பிரிந்து போனவர்களின் நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது ஜானகியின் குரலில் ஒலித்த மெட்டுக்கள் எங்களுக்குப் புதியவையாகத் தோன்றவில்லை. திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவந்து, கும்மியிலும் காமன் கூத்திலும் காப்பாற்றி வைத்த இசைக்கு அவை நெருங்கிய சொந்தம். நாம் பாடுவதும் சங்கீதம்தான் என்ற துணிச்சலை அந்தப் பாடல்கள் தந்தன.

படங்களுக்கு வருவோம். வி.பி. கணேசன் தயாரித்து, எஸ். இராமநாதன் இயக்கிய 'புதிய காற்று' 1975இல் வெளியானது. தொழிற்சங்கவாதியான ஒருவர் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார். தமிழகப் படங்களின் சாயல் அதில் உண்டுதான். ஆனால் தேயிலை மலையைக் காதலர் ஓடியாடும் இடமாக அல்லாமல், உழைப்பவரின் இடமாகப் பார்த்த படம் அது. என் பட்டியலில் அது இருப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

பிற்காலத்தில் இரண்டு தமிழகப் படங்கள் என்னை உலுக்கின. ஒன்று, 2013இல் வந்த பாலாவின் 'பரதேசி'. கணவனைத் தேடி மனைவியும் குழந்தையும் அதே தோட்டத்துக்கு வந்து சேரும் இறுதிக் காட்சியில், வந்து சேர்வதே சிறைப்படுவதாகிவிடுகிறது. நம் மூதாதையரின் வருகையை எண்ணாமல் அதைப் பார்க்க முடியாது. மற்றது, 2018இல் லெனின் பாரதி தந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கும் மனிதர்களை அது அவசரப்படாமல் காட்டுகிறது. முன்னது அழவைக்கிறது; பின்னது யோசிக்க வைக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் பின்னதையே எடுப்பேன்.

எனினும் என் பட்டியலில் முதலிடம் இசைத்தட்டில் ஏறாத பாட்டுக்கே. கொழுந்து பறிக்கையிலும், தொட்டில் ஆட்டுகையிலும், சாவு வீட்டிலும் நம் பெண்கள் பாடிய பாட்டு. மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கினார். பெரிய தொண்டு அது. ஆனால் ஏட்டில் சொல் கிடைக்கும், ராகம் கிடைக்காது. எந்த அடியை இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் கங்காணியைக் குத்திக்காட்டிச் சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் பாட்டிமாரின் தொண்டையில்தான் இருக்கின்றன. அந்தத் தொண்டைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன.

இன்று பல இளைஞரின் கையில் ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசி இருக்கிறது. திரைப்பாட்டைக் கேளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் பாட்டி இருந்தால், அவர் அருகில் உட்கார்ந்து ஒரு பாட்டையாவது பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள்.