தொப்பியில் ஒரு வண்ணப் பட்டை



இந்தத் தொப்பியைப் பாருங்கள். இதன் பெயர் குல்லுத் தொப்பி. குல்லு, இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. மலைநாடு. குளிர் அதிகம். அதனால் கம்பளித் துணியில் தொப்பி தைக்கிறார்கள். நாம் பொன்னாடை போர்த்துவது போல, அங்கே விருந்தாளிக்குத் தொப்பி வைப்பார்கள்.

முன்பக்கம் என்ன இருக்கிறது? சிவப்பு, மஞ்சள், பச்சையில் கட்டம் கட்டமாக ஒரு பட்டை. தொப்பிக்கு அழகே இதுதான்.

இதைத் தறியில் நெய்கிறார்கள். பெண்கள் பலர் வீட்டிலேயே தறி வைத்திருக்கிறார்கள். வண்ண நூலை விரலால் எடுத்து, பாவு நூலுக்குள் கோக்க வேண்டும். ஒரு நூல் தவறினால் கட்டம் கோணிவிடும். பிரித்து மறுபடி போட வேண்டும். கண் வலிக்கும். முதுகு வலிக்கும்.

பக்கத்தில் கின்னௌர் மாவட்டம். அங்கே பட்டை பச்சை வெல்வெட் துணி. ஆண்களும் பெண்களும் அணிகிறார்கள். திருவிழாவில் அதில் பூவும் செருகிக்கொள்வார்கள்.

இந்தப் பட்டையில் கட்சியும் ஏறிக்கொண்டது! வீரபத்ர சிங் ஆறு முறை முதலமைச்சராக இருந்தவர். அவர் அணிந்தது பச்சைப் பட்டை. 1998இல் முதலமைச்சரான பிரேம் குமார் துமல் அணிந்தது மெரூன் பட்டை. பச்சை என்றால் காங்கிரஸ், மெரூன் என்றால் பாரதிய ஜனதா என்று ஆகிவிட்டது. நெய்த பெண்ணுக்கு இதில் என்ன லாபம்? 2017இல் முதலமைச்சரான ஜெய்ராம் தாக்கூர், இந்த நிற அரசியல் வேண்டாம் என்றார்.

அவளுடைய கவலை வேறு. வெளியூர் விசைத்தறிகள் இதே கட்டத்தை வேகமாக நெய்கின்றன. அதுவும் குல்லு என்ற பெயரில் விற்கிறது. விலை குறைவு. கைத்தறிக் கூலி அடிபடுகிறது.

குல்லுவில் 1944லேயே பூட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தின் கடையில் வாங்கினால் சந்தேகம் இல்லை. மற்ற இடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? சால்வை என்றால் திருப்பிப் பார்க்கலாம். கைவேலையில் பின்பக்கமும் முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். தொப்பியில் பட்டையின் பின்பக்கம் தையலுக்குள் போய்விடும். முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். கைத்தறித் துணிக்கு மத்திய அரசின் முத்திரை 2006இல் வந்தது.

இந்தத் தொப்பியை நான் தெருக்கடையில் வாங்கினேன். மலிவாக இருந்தது, வாங்கிவிட்டேன். உள்ளே முத்திரை இல்லை. கை மாற்றி நீங்களும் பாருங்கள்.