வெட்டாமலும் காக்கலாம்



மார்பகப் புற்றுநோய் என்றால் மார்பை முழுவதுமாக அகற்றத்தான் வேண்டும் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், அதை மறுத்தவர் நம் ரொறன்ரோவின் மருத்துவர் வேரா பீட்டர்ஸ். ஆரம்பநிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 1967இல் ஆய்வு வெளியிட்டார். சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் ஏற்கவில்லை. பழகிய கையை மாற்றுவது அவ்வளவு கடினம்! பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அவர் சொன்னதையே உறுதிசெய்தன.

இந்த முறையை இன்றைய மருத்துவர்கள் எப்படிக் கற்கிறார்கள்? கனடாவில் பொதுச் சத்திரசிகிச்சைக்கு ஐந்தாண்டுப் பயிற்சி. அதன்பின் மார்பகத்துக்கென்றே தனிப் பயிற்சியும் உண்டு. ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. மார்பின் வடிவம் கெடாமல் கட்டியை எடுப்பது, அக்குளில் நோய் முதலில் எட்டும் நிணநீர்க் கணுவை மட்டும் கண்டெடுத்துச் சோதிப்பது எல்லாம் அங்கே கைப்பழக்கமாகும். கணுக்களை மொத்தமாக அகற்றினால் சில பெண்களுக்குக் கை வாழ்நாள் முழுக்க வீங்கும். ஆகவே இந்தப் பயிற்சி சிறு ஊர் மருத்துவர்களுக்கும் கிடைத்தே ஆகவேண்டும்.

ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதிச் சகோதரிகளே, உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "மார்பைக் காப்பாற்ற வழி உண்டா? இந்தச் சிகிச்சையை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?" நோயை முன்கூட்டியே கண்டறிய, நாற்பது வயதானால் ஒன்ராறியோவில் மார்பகப் பரிசோதனைக்கு நீங்களே நேரம் பதிவுசெய்யலாம்.